நேரோபோட்டில் முதல் குளிர்காலம்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

இங்கிலாந்தின் கிராண்ட் யூனியன் கால்வாயில், ஸ்டோக் புரூயெர்னுக்கு மேலே, 57 அடி நீளப் படகொன்றில் குடியிருக்கிறேன். நேரோபோட் என்பது ஏறக்குறைய 6 அடி 10 அங்குல அகலம் மட்டுமே உள்ள எஃகுப் படகு. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி டிரென்ட் அண்ட் மெர்ஸி கால்வாயின் லாக்குகளுக்கு (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும், கதவுகள் வைத்த தொட்டிகள்) வைத்த 7 அடி அகலம்தான் இன்றுவரை இந்தப் படகின் இடுப்பளவு.

வீட்டில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடிநீர் வாரியத்துக்குப் போன் போடலாம், கரண்ட் போனால் மின்வாரியத்துக்கு. படகில் அந்த இரண்டு வாரியமும் நீங்கள்தான். முதல் குளிர்காலத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று: படகில் கோளாறு ஓரிடத்தில் இருக்கும், தெரிவது வேறிடத்தில். தரைப்பலகைக்கு அடியில் நிற்கும் தண்ணீர் குளியலறையிலிருந்து வந்திருக்கும். மங்கிப்போன விளக்குக்குக் காரணம் ஒரு தளர்ந்த நட்டாக இருக்கும். அதனால்தான் கருவிகளின் பெயரை வைத்து எழுதாமல், கண்ணுக்கும் காதுக்கும் படும் அறிகுறியை வைத்து எழுதுகிறேன். கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச், ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள் இருந்தால் போதும்.

அலாரம் அலறுகிறது, அல்லது கேஸ் வாடை வருகிறது

இந்த இரண்டுக்கு மட்டும் காரணம் தேடிக்கொண்டு உள்ளே நிற்காதீர்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால், போகிற வழியில் கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் கரைக்கு ஏறுங்கள். அலாரம் அடிக்காமலே ஓர் அறிகுறி உண்டு: உள்ளே இருக்கும்போது தலைவலி, குமட்டல், வெளியே நடந்தால் சரியாகிவிடுகிறது. அதையும் அலாரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றோட்டமான பிறகு தேட வேண்டிய இடங்கள்: படகைச் சூடாக்க விறகும் நிலக்கரியும் எரிக்கும் ஸ்டவ்வின் புகைக்குழாய், அது கூரையைத் துளைத்து வெளியேறும் வளையம், ஸ்டவ் கதவின் கயிற்று அடைப்பு, பக்கத்துப் படகு ஓட்டும் ஜெனரேட்டரின் புகை. பலருக்குத் தெரியாத ஒன்று சாம்பல். அடுப்பிலிருந்து எடுத்த சாம்பல் தட்டை உள்ளேயே ஆற வைத்தால் அதிலிருந்தும் இந்த வாயு வந்துகொண்டே இருக்கும். சாம்பல் சூடாக இருந்தாலும் ஆறியதுபோல் தோன்றினாலும், மூடியுள்ள உலோக வாளியில், வெளியே.

கேஸ் வாடை என்றால் முதலில் சிலிண்டரை மூடுங்கள். எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். படகின் அடிப்பகுதியான பில்ஜில் சேரும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்பை ஓட்டவே கூடாது. படகில் பயன்படும் புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. ஜன்னல் வழியாகப் போய்விடாது. படகின் அடித்தளத்தில் குளம்போலத் தங்கும், ஒரு பொறி போதும். குடியிருக்கும் படகின் கேஸ் வேலையை, படகுக்கான தகுதியோடு கேஸ் சேஃப் பதிவு பெற்ற பொறியாளர் மட்டுமே செய்யலாம். சிலிண்டர் பெட்டிக்குள் குமிழிச் சோதனைக் கருவி பொருத்தப்பட்டிருந்தால், வாடை இல்லாத நாட்களில், சிலிண்டர் திறந்திருக்க, எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உள்ளிருக்கும் திரவத்தில் குமிழி வந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

வாங்கும்போது கொடுத்த போட் சேஃப்டி சான்றிதழை நம்பி நிம்மதியாக இருந்தவர்களில் நானும் ஒருவர். அது 4 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாதுகாப்புச் சோதனை. இன்ஜின் நன்றாக இருக்கிறது, அடித்தகடு கெட்டியாக இருக்கிறது என்று அது சொல்வதில்லை. தகட்டின் கனத்தை அறிய, படகைக் கரையேற்றி அல்ட்ராசவுண்டு கருவியால் அளக்கும் சர்வே தனி.

ஸ்டவ் இரவில் அணைந்துவிடுகிறது, அல்லது அடங்காமல் எரிகிறது

அணைந்துவிட்டால் பெரும்பாலும் காற்று போதவில்லை. படுக்கும் முன் சாம்பலைக் குலுக்கி இறக்கி, புகையில்லா நிலக்கரிக் கட்டிகளைப் போட்டு, அவை நன்றாகப் பற்றும்வரை கீழ்க் காற்றுவழியைத் திறந்தே வையுங்கள். கட்டிகள் விளிம்பு சிவந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், முழுக்க மூடாதீர்கள். பற்றுவதற்குள் மூடிவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

எல்லாக் காற்றுவழியையும் மூடியும் தீ கொழுந்துவிட்டால் கதவின் கயிறு தேய்ந்திருக்கிறது. ஒரு தாள்துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். இழுத்ததும் வந்துவிட்டால் அந்த இடத்தில் அடைப்பு இல்லை. கதவைச் சுற்றிலும் நாலைந்து இடத்தில் இப்படிச் சோதியுங்கள். புதுக் கயிறும் பசையும் மலிவானவை. ஸ்டவ் ஆறியிருக்கும் ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

புகை அறைக்குள் திரும்பினால் ஸ்டவ்வுக்குள் மேலே இருக்கும் தடுப்புத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். அதன் முதுகில் கரி மலைபோலக் குவிந்திருக்கும். புகைக்குழாயைத் தூரிகை விட்டுத் துடைத்தும், அதற்கு அடியில் அந்தத் தகட்டை விட்டுவிடுகிறார்கள். கூரைமேல் தார்போல் கறுப்புக் கோடு வழிந்திருந்தால் ஈர விறகு எரிக்கிறீர்கள். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கால்வாய் ஓரத்தில் நேற்று வெட்டிப்போட்ட மரம் இந்த ஆண்டு விறகாகாது.

படுக்கைக்கு அடியில் ஈரம், ஜன்னலில் தண்ணீர் வழிகிறது

கூரை ஒழுகுகிறதா, உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து நீராகிறதா? இதைப் பிரித்தறியாமல் சிலிகான் பசை வாங்கப் போகாதீர்கள். ஜன்னலையும் சுற்றுச்சட்டத்தையும் உலரத் துடைத்து, கீழே செய்தித்தாளை மடித்து வையுங்கள். எப்போது நனைகிறது என்று மூன்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு, ஒரே இடத்தில் நனைந்தால் ஒழுகல். மழையே இல்லாத குளிர்ந்த காலையில் எல்லா ஜன்னலும் நனைந்தால் ஆவி. கூரையில் இருக்கும், காற்று போய்வருவதற்கான பித்தளைக் காற்றுக்குமிழிலிருந்து நெற்றியில் சொட்டுவதும் பெரும்பாலும் ஆவிதான். குளிர்ந்த உலோகத்தில் மூச்சுக்காற்று படிந்து இறங்குகிறது.

நம் சமையலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். அதன்மேல் இட்லிச் சட்டியின் ஆவி, கொதிக்கும் சாம்பார், வடித்த கஞ்சி. 7 அடி அகல எஃகுக் குழாய்க்குள் இது எல்லாம் எங்கே போகும்? இரவில் நீங்கள் படுக்கும் மூலைக்கு. நான் இட்லி வைக்கும்போது அடுப்படி ஜன்னலையும் பின்கதவையும் திறந்துவிடுவேன், வெளியே 2 டிகிரி என்றாலும். இட்லியை விட மனமில்லை. அதனால் காற்றுக்கு வழிவிடப் பழகிக்கொண்டேன்.

குளிருக்குப் பயந்து காற்றுக்குமிழ்களைத் துணிவைத்து அடைக்காதீர்கள். ஈரம் கூடும், ஸ்டவ்வும் கேஸ் அடுப்பும் எரிய வேண்டிய காற்றும் நின்றுபோகும். மெத்தையைத் தட்டையான பலகைமேல் போட்டிருந்தால் அடிப்பக்கம் பூஞ்சை பிடிப்பது நிச்சயம். மரப்பட்டிகளோ, காற்றுப் புகும் பின்னல் விரிப்போ வேண்டும். உடை அலமாரிக் கதவை இரவில் ஓர் அங்குலம் திறந்து வையுங்கள். ஈர உடையை உள்ளே உலர்த்துவது முடிந்தவரை வேண்டாம்.

விளக்கு மங்குகிறது, ஃபிரிட்ஜ் காலையில் நின்றிருக்கிறது, மிக்ஸி போட்டால் இன்வெர்ட்டர் கத்துகிறது

முதல் மாதத்தில் எனக்கு மிக அதிகச் செலவு வைத்தது இந்த அறிகுறிதான். காலையில் விளக்கு மங்கல். பேட்டரி போய்விட்டது என்று ஒரு கடையில் சொன்னார்கள். நான்கு புதுப் பேட்டரி வாங்கினேன். மங்கல் அப்படியே இருந்தது. களிம்பு பிடித்துப் பச்சையாகிப்போன ஒரு நெகட்டிவ் முனையைக் கழற்றித் தேய்த்து, நட்டை இறுக்கியதும் எல்லாம் சரியானது. அந்தப் பணத்தை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அளக்காமல் வாங்கக் கூடாது என்பது அன்றுதான் மனதில் பதிந்தது.

அளக்கும் முறை இதுதான். சார்ஜும் சுமையும் இல்லாமல் சில மணி நேரம் பேட்டரியை ஓய்வாக விட்டு, மல்டிமீட்டரை முனைகளில் வையுங்கள். ஈய-அமில பேட்டரி என்றால் 12.7 வோல்ட் நிறைந்த நிலை, 12.2 ஏறக்குறைய பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும்.

ஓய்வில் 12.6க்கு மேல் காட்டியும் விளக்கு மங்கினால் கோளாறு பெரும்பாலும் பேட்டரியில் இல்லை, வழியில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் ஓடும்போது பேட்டரி முனையில் ஒருமுறை, ஃபிரிட்ஜ் முனையில் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மெல்லிய கம்பி, துருப்பிடித்த ஃப்யூஸ், தளர்ந்த முனை ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். 12 வோல்ட்டில் அரை வோல்ட் சின்ன விஷயமில்லை.

சார்ஜ் ஏற்றி, இரவெல்லாம் ஓய்வில் விட்ட பிறகும் 12.2க்கு மேல் காட்டவில்லை என்றால் பேட்டரி நிறைவதே இல்லை. இதுதான் முதல் குளிர்காலத்தில் புதியவர்களின் பேட்டரியைக் கொல்கிறது. தினம் ஒரு மணி நேரம் இன்ஜினை ஓட்டினால் போதும் என்று நினைக்கிறோம். பேட்டரி 80 சதவீதம் வரை வேகமாக நிறையும். கடைசி 20 சதவீதம் மெதுவாகத்தான் ஏறும், பல மணி நேரம் ஆகும். அதை நாள்தோறும் பாதியில் நிறுத்தினால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டிப்படும். சார்ஜ் ஏறும்போது மீட்டரில் ஏறக்குறைய 14.4 வோல்ட் வந்து நிலைத்து, பேட்டரிக்குள் போகும் ஆம்பியர் மெல்ல மெல்லக் குறைந்து, கொள்ளளவில் 1 அல்லது 2 சதவீதத்துக்கு வந்தால்தான் நிறைந்தது என்று கொள்ளலாம். வாரத்தில் ஒருநாளாவது அந்த அளவுக்கு ஏற்றுங்கள். நெடுந்தூரம் படகோட்டும் நாள் அதற்கு வாய்ப்பு. நிறுத்தியிருக்கும்போது இரவு 8 முதல் காலை 8 வரை, பிறருக்குக் கேட்கும் இடத்தில் இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓட்டக் கூடாது. டிசம்பரில் சூரியத் தகட்டை நம்ப வேண்டாம். இங்கே அப்போது பகல் ஏறக்குறைய 8 மணி நேரம்தான்.

இனி மிக்ஸி. 750 வாட் மிக்ஸி, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 62 ஆம்பியர் இழுக்கும். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 70. மோட்டார் புறப்படும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. இன்வெர்ட்டர் கத்தினால், மிக்ஸி ஓடும்போதே இன்வெர்ட்டர் முனையில் வோல்ட் அளக்கச் சொல்லி இன்னொருவரை நிறுத்துங்கள். பேட்டரியில் 12.2, இன்வெர்ட்டரில் 11 என்றால் கம்பி மெல்லியது. இரண்டிலும் சேர்ந்து 11க்கு விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது கொள்ளளவு போதாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்னி அரைப்பது எளிய தீர்வு. நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். நல்ல சைன் அலை இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் மிக்ஸி சூடாகி உறுமும். அது மிக்ஸியின் பழுதல்ல.

இன்ஜின் புறப்பட்ட பிறகும் சார்ஜ் விளக்கு எரிகிறதா? வேகத்தைச் சற்று ஏற்றுங்கள். இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர்கள் பல அதற்குப் பிறகுதான் விழித்துக்கொள்ளும். அப்போதும் அணையாவிட்டால் இன்ஜினை நிறுத்தி பெல்ட்டைப் பாருங்கள். பல இன்ஜின்களில் அதே பெல்ட்தான் குளிர்விக்கும் நீரையும் சுற்றவைக்கிறது. அறுந்த பெல்ட்டோடு ஓட்டினால் சூடேறி இன்ஜினே போய்விடும்.

யாரும் குழாய் திறக்காமலே தண்ணீர் பம்ப் நடுராத்திரியில் உறுமுகிறது

பம்புக்கு ஓர் அழுத்த ஸ்விட்ச் உண்டு. அழுத்தம் குறைந்தால் தானே ஓடும். இரவில் ஒரு நொடி உறுமி நின்றால் எங்கோ சொட்டுகிறது. எல்லாக் குழாயையும் இறுக்கி, சுடுதண்ணீர்த் தொட்டியின் அழுத்த நிவாரண வால்விலிருந்து வெளியே போகும் குழாயையும் பாருங்கள். தண்ணீர் சூடேறும்போது அது கொஞ்சம் சொட்டுவது இயல்பு. ஆறிய பிறகும் சொட்டினால் வால்வு தேய்ந்திருக்கிறது. பம்ப் நிற்காமலே ஓடி, தண்ணீரும் வரவில்லை என்றால் முதலில் தொட்டியின் அளவு, பிறகு பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியின் மூடி. அந்த மூடி சரியாக அமராவிட்டால் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும்.

முன்புறத் தொட்டியில் பல நூறு லிட்டர் தண்ணீர் நிற்கிறது. நிறைந்தால் மூக்கு தாழும், காலியானால் எழும். அதனால் குளியல் தட்டில் தண்ணீர் ஒருநாள் வடியும், இன்னொருநாள் தேங்கி நிற்கும். அது படகின் சாய்வு மாறியதால். அடைப்பு என்று நினைத்துக் குழாயைப் பிரிக்காதீர்கள்.

தரைக்கு அடியில் தண்ணீர்

குடியிருப்பின் பின்மூலையில் பெரும்பாலும் ஒரு சிறிய பலகையைத் தூக்கிப் பார்க்கலாம். அங்கே தண்ணீர் நின்றால் பயப்படாமல் முதலில் அதைப் பாருங்கள், முகருங்கள். சோப்பு நுரை அல்லது வாடை: குளியல் தட்டு அல்லது அதன் வடிகால் பம்ப். நீலமோ சிவப்போ கலந்த நிறம்: இன்ஜின் குளிர்விப்பு நீர். தெளிந்த தண்ணீர்: குடிநீர்க் குழாய், ஒழுகும் ஜன்னல், சேர்ந்துபோன ஆவி. முழுக்க உறிஞ்சி உலர்த்தி, செய்தித்தாள் விரித்து, குடிநீர் பம்பை ஒருநாள் அணைத்துவையுங்கள். பம்ப் அணைந்திருக்கும்வரை உலர்ந்தே இருந்து, போட்டதும் நனைந்தால் குடிநீர்க் குழாயிலேதான். எதையும் செய்யாமலே நாள்தோறும் ஏறிக்கொண்டே இருந்தால் அடித்தகடு. உடனே கரையேற்றும் இடத்துக்குச் சொல்லுங்கள்.

இன்ஜின் இருக்கும் பின் பில்ஜில் தண்ணீர் வேறு கதை. அங்கே மழை நீர் இறங்கும். படகைத் தள்ளும் சுழலியின் தண்டு வெளியேறும் இடத்தில், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் ஸ்டெர்ன் கிளாண்ட் சொட்டும். ஓடும்போது நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சொட்டு நல்லதே, அது தண்டைக் குளிர்விக்கிறது. படகை நிறுத்திய பிறகு, கிளாண்டுக்குள் கிரீஸைத் தள்ளும் கிரீசரின் கைப்பிடியை விறைப்பு வரும்வரை திருகுங்கள். சொட்டு நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் இரண்டு நட்டையும் சமமாக, கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். அடுத்த ஓட்டத்தில் கையால் தொட்டுப் பாருங்கள். கிளாண்ட் சுட்டால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள். எண்ணெய் மிதக்கும் தண்ணீரைக் கால்வாயில் இறைக்காதீர்கள். உறிஞ்சு துணியில் எடுங்கள். அந்த நீரில்தான் வாத்துக் குஞ்சுகள் நீந்துகின்றன.

படகு முன்னேறவில்லை, சுக்கான் கை நடுங்குகிறது, கறுப்புப் புகை

சுழலியில் ஏதோ சுற்றியிருக்கிறது. பிளாஸ்டிக் பை, சேலை நீளத்துக்கு ஒரு பழைய துணி, மீன்பிடி நரம்பு. முதலில் பின்னோக்கி ஒரு சிறு உந்துதல் கொடுத்துப் பாருங்கள். சில நேரம் அவிழ்ந்துவிடும். இல்லாவிட்டால் கரைகட்டி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுழலிக்கு மேலே களை நீக்குவதற்காக இருக்கும் மூடியைத் திறந்து, கையை விட்டு அறுத்தெடுங்கள். முடிந்ததும் மூடியைச் சரியாக உட்காரவைத்து இறுக்கிய பிறகே சாவி. மூடி தளர்வாக இருக்க இன்ஜினைப் போட்டால் சுழலி எழுப்பும் தண்ணீர் உள்ளே கொட்டி, படகு மூழ்கும். இது அச்சுறுத்துவதற்காக எழுதியதல்ல. அப்படி மூழ்கிய படகுகள் உண்டு.

களை எதுவும் இல்லாமலே மெதுவாகப் போனால் ஆழம் குறைவு. வேகத்தைக் கூட்டினால் பின்புறம் இன்னும் அமிழ்ந்து, இன்னும் மெதுவாகும். குறையுங்கள், படகு எழும். பின்னோக்கிப் போகும்போது திசை பிடிபடாததும் பழுதில்லை. எல்லா நேரோபோட்டும் அப்படித்தான்.

காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை இயல்பு. தொடர்ந்து நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது, மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

காலையில் எழுந்தால் தரை சாய்ந்திருக்கிறது

கால்வாயின் நீர்மட்டம் இரவில் இறங்கியிருக்கிறது. கீழே இருக்கும் லாக்கின் மதகை யாரோ முழுதாக மூடாமல் போயிருப்பார்கள். எதிர்க்கரையில் ஈரக்கோடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். முதல் வேலை கயிறுகளைத் தளர்த்துவது. இறுகிய கயிறு படகை ஒருபக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு கால்வாயைப் பராமரிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட்டுக்குத் தெரிவியுங்கள். நீங்களே மேல்மதகைத் திறந்து தண்ணீர் விட்டால் வேறொருவர் தரைதட்டுவார்.

லாக்கில் இறங்கும்போது பின்பக்கம் இறங்கவில்லை

இதற்கு நொடிகள்தான் இருக்கின்றன, அதனால் முன்பே மனப்பாடம் செய்யுங்கள். மேல்கதவுக்கு அடியில் சில் என்ற கல்மேடை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் எல்லையைக் கரையில் வெள்ளைக் கோடு காட்டும். பின்பக்கம் அதன்மேல் தங்கிவிட்டால் கீழ்மதகுகளை உடனே மூடுங்கள். பிறகு மேல்மதகுகளை மெல்லத் திறந்து லாக்கை நிரப்புங்கள். இறங்கும்போது கயிற்றைக் கட்டிவிட்டு நிற்காதீர்கள், கையில் பிடித்துத் தளர்த்திக்கொண்டே இருங்கள்.

சில நாள் படகைவிட்டுப் போகிறீர்கள், உறைபனி எச்சரிக்கை வந்திருக்கிறது

பியூட்டேன் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் இதைப் போவதற்கு முன்பே உணர்ந்திருப்பார்கள்: அடுப்பின் தீ சுருங்கும். பியூட்டேன் ஏறக்குறைய 0 டிகிரியில் ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். குளிர்காலத்துக்கு அதுவே சரி.

கிளம்பும் முன் பம்பை அணைத்து, எல்லாக் குழாயையும் திறந்து வடியவிடுங்கள், திறந்தபடியே விடுங்கள். உறைந்து விரியும் தண்ணீருக்கு இடம் இருக்க வேண்டும். பம்பின் வடிகட்டியைக் கழற்றிக் காலிசெய்யுங்கள். கழிவறைக் கேசட்டையும் (கழிவு சேரும் பெட்டி) காலிசெய்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது வாடை இருக்காது. சிலிண்டரை மூடுங்கள். காற்றுக்குமிழ்கள் திறந்திருக்கின்றனவா என்று ஒரு நடை பாருங்கள். மட்டம் இறங்கினால் தொங்காத அளவுக்குக் கயிற்றில் தளர்வு விடுங்கள். கடைசியாகப் பின்னால் போய்க் கிரீசரை விறைப்பு வரும்வரை திருகுங்கள்.